குலவீரசிங்கம் சூடாக்கிய தண்ணீர்

தில்லையம்பலத்துக்கு முதலில் அநியாயம் செய்தவர் குலவீரசிங்கம். அதற்குப் பிறகும் செய்தவர்கள் உண்டு. மச்சான்காரன் ஒருவன், மரக்கறிக் கடைக்காரன் ஒருவன், பல் வைத்தியர் ஒருவர் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். ஆனால் வரிசையின் தலையில் நிற்பவர் குலவீரசிங்கம்தான். பாட் லோவன் நகரத்து வெந்நீர்க் குளியல் கூடங்கள் அத்தனையும் அவர் செய்த அந்த ஒரு அநியாயத்தில்தான் சூடாக ஓடுகின்றன.

பாட் லோவன் சுவிற்சர்லாந்தில் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற சிறிய நகரம். சில பெரிய ஹோட்டல்கள், ஒரு தேவாலயம், பல்லுச் சக்கரத்தில் ஏறி இறங்குகிற ஒரு மலை ரயில். மலைக்குள்ளிருந்து வருகிற ஊற்று, பனி உருகிய தண்ணீர். வாயில் வைத்தால் பல்லுக் கூசும். அந்தத் தண்ணீர் உச்சியில் ஒரு கருங்கல் மண்டபத்துத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து குழாய்களில் இறங்கிக் கூடங்களுக்குப் போகிறது. மனக்கறள், அதாவது ஆறாத பழைய மனத்தாங்கல், உள்ள ஒருவர் தொட்டிக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தண்ணீர் சூடாகும். அவர் எழும்பிப் போனால் ஆறும். ஊரின் பிழைப்பு அதில்தான்.

கோபம் இதற்கு உதவாது. கோபக்காரர் காலை வைத்தால் தண்ணீர் குபுக்கென்று பொங்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் பச்சைத் தண்ணீராகிவிடும். கவலை வெதுவெதுப்புக்கு மேலே ஏறாது; போதாததற்கு உப்புக் கரிக்கும். பொறாமை சூடாக்கும், ஆனால் நுரை தள்ளும், ஹோட்டல் துவாய்களில் மஞ்சள் பிடிக்கும். ஆளை மறக்காமல், செய்ததை மறக்காமல், சத்தம் போடாமல் நெஞ்சுக்குள் வைத்திருக்கிற கறள் மட்டுமே ஒரே சீரான சூட்டைத் தரும். முட்டை அவியாது, முழங்கால் இளகும். அப்படிப்பட்ட சூடு.

ஊரின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்கள் பூங்காவுக்குப் போவார்கள். அங்கே சிலைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாச் சிலைகளுக்கும் கால் ஒரு கல்லுத் தொட்டிக்குள் இருக்கும். முதலாவது ஒரு துறவி. அவர் பாடும்போது மடத்தின் தலைவர் சிரித்துவிட்டார். துறவி அன்றே மலை ஏறி வந்து, சேறு பிடித்த காலை ஊற்றில் வைத்து, அந்தச் சிரிப்பை நினைத்தார். ஊர் அன்றைக்குத் தொடங்கியது. அவருக்குப் பிறகு ரெஜீனா என்ற தலை அலங்காரக்காரி. ஒரு சீமாட்டி, ஊரைவிட்டுப் போகும்போது வண்டியிலிருந்து உனக்குக் கை காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் காட்டாமல் போனாள். பெரிய ஹோட்டல்கள் எழும்பியதும் ராசாக்கள் வந்து குளித்ததும் ரெஜீனாவின் காலத்தில்தான். பிற்காலத்தில் அந்தச் சீமாட்டியே இடுப்பு வலியோடு வந்து, குளித்து, சுகமாகித் திரும்பினாள். அப்போதும் கை காட்டவில்லை. தண்ணீர் மிஞ்சிப் போனதால் இன்னொரு கூடம் கட்ட வேண்டியதாயிற்று. ரெஜீனாவுக்குப் பிறகு, ஒரு மாட்டு மணிக்காகப் பேச்சை நிறுத்திய அண்ணனும் தம்பியும். ஒரே தொட்டியில் உட்கார மாட்டோம் என்று இருவரும் நின்றதால் தொட்டிக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். ஆண்கள் கூடம், பெண்கள் கூடம் என்று பிரிந்தது அப்படித்தான். கடைசிச் சிலை ஒரு ஸ்ரேசன் மாஸ்டர். அவர் வேலை பார்த்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரை வைத்துவிட்டார்கள். அவர் காலமெல்லாம் தண்ணீர் ஆறவேயில்லை.

ஸ்ரேசன் மாஸ்டர் செத்த பனிக்காலத்தில் தண்ணீர் ஆறியது. ஊர் பலரைக் கூட்டிவந்து உட்கார்த்திப் பார்த்தது. விவாகரத்து வழக்குப் பேசுகிற ஒரு சட்டத்தரணி வந்தார். அவருடைய கறள் எல்லாம் பிறத்தியாருடையது, கணுக்காலுக்கு மேலே சூடு ஏறவில்லை. பதவி இழந்த ஒரு மந்திரி வந்தார். தண்ணீர் நன்றாகக் கொதித்தது, மறு தேர்தலில் வென்றதும் உறைந்துவிட்டது. ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின.

அந்த நேரத்தில் தில்லையம்பலம் அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அகதியாக வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் கழுவுகிற தொட்டியில் மட்டும் தண்ணீர் ஆறுவதில்லை என்று தலைமைச் சமையல்காரர் கவனித்துச் சொல்ல, குளியல் கூடங்களைப் பார்க்கிற ஃப்ராவ் எக்லி என்ற அம்மையார் வந்து, சட்டைக் கையை மடித்து, முழங்கையை நனைத்துப் பார்த்தார்.

"யார்?" என்று கேட்டார்.

"குலவீரசிங்கம்" என்றார் தில்லையம்பலம்.

ஃப்ராவ் எக்லி அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி நாக்குக்குப் பழக்கிக்கொண்டார். அவன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. அந்த ஊரில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. செய்தது சிறிதாக இருந்தால் ஊருக்குப் பயம் பிடிக்கும், பெரிதாக இருந்தால் இரக்கம் பிடிக்கும். இரண்டும் தண்ணீருக்கு ஆகாது.

குலவீரசிங்கம் செய்தது இதுதான்.

இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஊர். அகதி முகாமில் ஒரே அறை. தில்லையம்பலத்துக்கும் யோகமலருக்கும் கலியாணம் சுவிசில்தான் நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மணவறை கட்டி, பிரான்சிலிருந்து ஐயரைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளைத் தோழன் குலவீரசிங்கம். தோழனுக்கும் தலைப்பாகை கட்டுவது வழக்கம் என்பதால் அவருக்கும் கட்டியிருந்தது. ஊரில் தில்லையம்பலத்தின் தாய் தனித்து இருந்தாள். சண்டைக் காலம். அவளால் வர முடியாது. அவளுக்காகவே வீடியோ எடுத்தார்கள். தாலி கட்டுகிற நேரம் வந்தது. தில்லையம்பலம் தாலியை எடுத்துக் குனிந்தார். குலவீரசிங்கம் எழுந்து, கமராவுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே வந்து நின்று, கமராவைப் பார்த்துத் திரும்பி, கெட்டிமேளம் ஓயும் வரை சிரித்துக்கொண்டு நின்றார். படம் பிடித்தவர் கையால் தட்டித் தட்டிக் காட்டியும் விலகவில்லை.

கசற் கை மாறிக் கை மாறி ஊருக்குப் போனது. தாய் யாரோ வீட்டில், மின்சாரம் இல்லாததால் மோட்டர் போட்டு, அதைப் பார்த்தாள். பிறகு கொழும்புக்கு வந்த ஒருவர் மூலம் சொல்லியனுப்பினாள். "கலியாணம் நல்ல வடிவா நடந்திருக்கு மோனை. தாலி கட்டேக்க உன்ர முகத்தைத்தான் காணேல்லை."

அந்த முகத்தை இன்னொருமுறை காட்டுவதற்குள் அவள் கண்ணை மூடிவிட்டாள்.

தில்லையம்பலம் கேட்பது ஒரு சொல்தான். "நான் மறைச்சது பிழை" என்று குலவீரசிங்கம் தன் வாயால் சொல்ல வேண்டும். இன்னதற்கு என்று யாரும் எடுத்துக் கொடுக்காமல் தானாகச் சொல்ல வேண்டும். ஆனால் குலவீரசிங்கம் கலியாணம் முடிந்த கையோடு கனடாவுக்குப் போய்விட்டார். அந்தச் சொல் வரவில்லை.

ஃப்ராவ் எக்லி கொடுத்த வேலை சிரமமான வேலை அல்ல. விடியப்புறம் மலை ரயிலில் ஏறி, ஒரு போத்தலில் பால் விடாத பிளேன்ரீயோடு மண்டபத்துக்குப் போவார். கதிரையில் உட்கார்ந்து காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டுவார். பிறகு தொடக்கத்திலிருந்து நினைப்பார். உடற்பயிற்சி மண்டபத்தின் றப்பர் மணம். ஐயரின் இருமல். கூடைப்பந்து வளையத்தில் கட்டிய மாவிலை. தாலியை எடுத்துக் குனிகிற இடத்துக்கு வரும்போது கீழே கூடங்களில் ஆவி எழும்பத் தொடங்கியிருக்கும். ஒரு நாளும் அவர் ஒரு துண்டைக்கூட விட்டுவிட்டு நினைத்ததில்லை. ஊரும் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தது. சிரிப்பூட்டுகிறவர்களை மண்டபத்துப் பக்கம் விடுவதில்லை. நல்ல செய்திகளைப் பின்னேரம்தான் சொல்லுவார்கள். அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது மட்டும் யாரோ அவசரப்பட்டுக் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அன்று தொட்டிகளில் இருந்த விருந்தினர்கள் கம்பளிச் சட்டை கேட்டார்கள்.

பூங்காவில் ஸ்ரேசன் மாஸ்டருக்குப் பக்கத்தில் தில்லையம்பலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். பீடம் போட்டாயிற்று.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு நாள் அவர் வேலையால் வந்து புட்டுக்குச் சம்பலைக் குழைத்துக்கொண்டிருக்க, யோகமலர் சுவரில் சாய்ந்து நின்று சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, குலமண்ணை கனடாவில இருந்து போன் எடுத்தவர்."

"ஆர் குலமண்ணை?"

"உங்களுக்கு எத்தினை குலமண்ணையைத் தெரியும்? உங்கட தண்ணிக்காரன்தான்."

தில்லையம்பலம் கையை நிறுத்தினார்.

"மோனுக்குக் கலியாணமாம். கதையாமல் இருக்கிற ஆக்களிட்டை நேரில போய்க் கதைச்சுத்தான் காட் குடுக்க வேணுமெண்டு மனுசி நிக்கிறாவாம். இஞ்சயும் வாறாராம். வந்து உங்களுக்கு விட்ட பிழையையும் சொல்லித் தீர்க்கப் போறாராம்."

"பிழை எண்டோ சொன்னவன்?"

"ஓம்."

"வேற சொல்லு ஒண்டும் சொல்லேல்லையோ? குறை, சின்ன மனவருத்தம், அப்பிடி?"

"பிழை எண்டுதான் சொன்னவர். நான் என்ன, ரேப்றெக்கோடரிலயோ பிடிச்சு வைச்சிருக்கிறன்? புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ."

மறுநாள் அவர் கால் வைத்தபோது தண்ணீர் மெல்லக் கொதித்து, மெல்லத் தணிந்து, பிறகு ஏறவே இல்லை. நினைக்கத் தொடங்கி ஐயரின் இருமலுக்கு வருவதற்குள், குலவீரசிங்கம் வாசலில் நின்று "பிழை" என்று சொல்லுகிற காட்சி குறுக்கே வந்துவிடும். ஃப்ராவ் எக்லி மலை ரயிலில் ஏறி வந்தார். கையுறையைக் கழற்றி, வழக்கம்போல முழங்கையை நனைத்தார்.

"ஹெர் தில்லை, யாராவது வரப்போகிறார்களா?"

தில்லையம்பலம் சொன்னார். ஃப்ராவ் எக்லி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அது உங்களுக்கு வரவேண்டியது. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை."

"இல்லை" என்றார் தில்லையம்பலம்.

"பாதியை இப்போது வாங்கிக்கொண்டு மீதியை வசந்த காலத்தில் வாங்க முடியுமா? பனிக்கால விடுமுறைக்கு எல்லா அறைகளும் நிறைந்திருக்கின்றன."

"பாதியாக வாங்குகிற பொருள் இல்லை அது."

ஃப்ராவ் எக்லி யோசித்தார். "சிலை விஷயமும் இருக்கிறது. வரவேண்டியது வந்துவிட்ட யாருக்கும் இந்த ஊரில் சிலை வைத்ததில்லை."

தில்லையம்பலம் தண்ணீருக்குள் தன் காலைப் பார்த்தார். நல்ல கால்கள். ஊரில் வேறு யாருக்கும் அப்படிப்பட்ட கால்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"சிலை வேண்டாம். சூடு நான் ஊருக்குச் செய்த வேலை. அந்தச் சொல் என்னுடையது. அவன் வந்து சொல்லட்டும். தண்ணீர் ஆறினால் ஆறட்டும்."

"சரி" என்றார் ஃப்ராவ் எக்லி. அவர் நேர்மையான மனுசி. கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் ஊருக்குச் செய்தி சொன்னார்.

யாரும் தில்லையம்பலத்தோடு கோபிக்கவில்லை. ஹோட்டல்காரர்கள் கம்பளிகளை வெயிலில் போட்டார்கள். தேவாலயத்தில் பெண்கள் கூடி விருந்தினருக்குக் காலுறை பின்னத் தொடங்கினார்கள். நகரசபை ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டது. வருகிறவரை ஊரின் விருந்தாளியாக வைத்திருந்து, முடிந்தவரை ஆற அமர மேலே அனுப்பலாம் என்றது. தில்லையம்பலம் அதற்குச் சம்மதித்தார். இத்தனை காலம் காத்திருந்தவருக்குச் சில நாள் பெரிய காரியம் இல்லை.

குலவீரசிங்கம் ரயிலால் இறங்கியபோது அக்கோடியன் வாசித்தார்கள். மாலை போடுகிற வழக்கம் அங்கே இல்லாததால் கழுத்தில் ஒரு மாட்டு மணியைக் கட்டினார்கள். அவர் கைத்தடி ஊன்றிக்கொண்டு, மணி அடிக்க அடிக்க நடந்து, இரண்டு பக்கமும் கும்பிட்டபடி பெரிய ஹோட்டலுக்குப் போனார். கனடாவிலிருந்து வருகிறவர்களை இங்கே இப்படித்தான் மதிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவர் அறையின் பல்கனியிலிருந்து எல்லா மலைகளும் தெரிந்தன.

பின்னேரம் அவரைக் குளிக்கக் கூட்டிப்போனார்கள். ஆண்கள் கூடத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கண்ணை மூடினார். லொறி ஓடி ஓடி நொந்த இடுப்பு அது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று கழன்று விழுந்ததுபோல இருந்தது. பார்க்க வந்த யோகமலரிடம் அவர் சொன்னார்:

"சும்மா சொல்லக்கூடாது பிள்ளை, அருமையான தண்ணி. ரொறொன்ரோவில எத்தினை டொக்டர் பாத்தாங்கள். ஆரின்ர கைப்பக்குவம் இது?"

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான்" என்றாள் யோகமலர். "மேல எப்ப வரப்போறியள்? அவர் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"இந்த இடுப்பு இன்னும் கொஞ்சம் இளகட்டும். ஊண்டாமல் நடந்துபோய் அவனைக் கட்டிப்பிடிக்க வேணும் எனக்கு."

இதை அவள் வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாள். மாற்றிச் சொல்லத் தெரியாதவள்.

தில்லையம்பலம் அந்த நாட்களில் தோய்த்த வேட்டியும் வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியில் காலை வைத்தபடி வாசலைப் பார்த்திருந்தார். முதல் நாள் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குலவீரசிங்கம் வரவில்லை. அடுத்த நாள் கொஞ்சம் கூடியது. அவன் கீழே இளகிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு வந்தபோது வழக்கமான சூடு வந்துவிட்டது. அதனால் குலவீரசிங்கத்தின் இடுப்பு இன்னும் வேகமாக இளகியது. காலுறை பின்னிய பெண்கள் ஊசியை வைத்துவிட்டார்கள்.

ஒரு வெளிச்சமான காலையில் குலவீரசிங்கம் கைத்தடி இல்லாமல் மண்டபத்துக்கு வந்தார். கையில் ஒரு தட்டம். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பொன் எழுத்தில் அச்சடித்த கலியாணக் காட். யோகமலர் முன்னதாகவே போயிருந்தாள். ஃப்ராவ் எக்லி வாசலில், கூடங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிற மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டேய் தில்லை! மச்சான்! என்னடா இப்பிடி நரைச்சுப் போனாய்?"

"வாரும்" என்றார் தில்லையம்பலம். "உமக்கு நரைக்கிறதுக்கு அதில ஒண்டும் இல்லைப் போல."

"பாத்தியே பிள்ளை, நாக்கு மட்டும் இன்னும் அப்பிடியே கிடக்கு. அதென்னடா வாரும் கீரும் எண்டு? காலில என்ன, சேத்துப்புண்ணோ?"

"வேலை."

"காலை நனைக்கிறது வேலையோ! குடுத்து வைச்சனி. நான் லொறியில இருந்து குண்டி தேய்ஞ்சன். நீ கதிரையில இருந்து கால் கழுவுறாய். கொம்மா செய்த புண்ணியம்."

யோகமலர் தேத்தண்ணியை நீட்டினாள். குலவீரசிங்கம் அதை வாங்காமல், தட்டத்தை விளிம்பில் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். குரல் மாறிவிட்டது.

"மச்சான், சாக முதல் இதைச் சொல்ல வேணும். நான் உனக்கு ஒரு பெரிய பிழை விட்டனான். எத்தினை இரவு நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறன் தெரியுமோ. உன்ர நெஞ்சில அது இருக்கும். எனக்குத் தெரியும்."

தண்ணீரின் ஆவி நின்றது. தொட்டிக்குள் ஒரு குமிழி கூட எழும்பவில்லை. தில்லையம்பலத்தின் பாதங்களில் பனியின் குளிர் ஏறியது. அது கெட்ட குளிராக அவருக்குத் தெரியவில்லை. கீழே கூடங்களில் விருந்தினர்கள் எழுந்து கம்பளிகளைத் தேடினார்கள். யாரோ வீட்டில், மோட்டர்ச் சத்தத்துக்கு நடுவே, தாய் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. குலவீரசிங்கம் விலகுவார். இதோ விலகப் போகிறார்.

"சொல்லு" என்றார். "வாரும்" போய்விட்டிருந்தது.

"அந்த அகதிக் காம்பில இருக்கேக்க," என்றார் குலவீரசிங்கம், கண்ணீர் வழிய, "வேலை கேட்டுப் போறதுக்கு உன்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போயிட்டன். நீ அண்டைக்குப் பனிக்குள்ள செருப்போட நடந்தனி. அந்தக் காலை நினைச்சு நினைச்சு நான் அழாத நாளில்லை, மச்சான். என்னை மன்னிச்சுக்கொள்ளடா."



தில்லையம்பலம் யோசித்துப் பார்த்தார். சப்பாத்து ஞாபகம் இருந்தது. மண்ணிறச் சப்பாத்து. அவரே கழற்றிக் கொடுத்தது. போகிற காரியம் சரிவர வேண்டும் என்று நாடாவையும் அவரே கட்டிவிட்டிருந்தார். அதில் குறை ஒன்றும் இருந்ததில்லை.

"சப்பாத்தோ?" என்றார்.

"சப்பாத்துத்தான் மச்சான்."

"வேற?"

"வேற என்ன? வேற ஒரு குறையும் நான் உனக்கு வைக்கேல்லையே."

யோகமலருக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "குலமண்ணை, எங்கட கலியாணம் உங்களுக்கு ஞாபகமிருக்கோ? அந்த வீடியோ?"

"என்ன கேள்வி பிள்ளை!" குலவீரசிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். "ஒரு சொட்டுப் பழுதில்லாமல் இதில ஏத்தி வைச்சிருக்கிறன். பாருங்கோ, தாலி கட்டுற நேரம். தலைப்பாகையோட நான் எப்பிடி நிக்கிறன்? எங்கட மோன்ர கலியாணத்தில பெரிய திரையில போடப்போறம், அப்பான்ர இளந்தாரி வயசு எண்டு. தில்லைன்ர அம்மாவே ஊரில இதைப் பாத்திட்டு, 'இந்தப் பெடியன் நல்ல வடிவு' எண்டு சொன்னவவாம். எங்கட வீட்டில இண்டைக்கும் சொல்லிச் சிரிப்பம்."

சிரித்தார். தொலைபேசியிலும் அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

முதலில் தொட்டியின் அடியில் ஒரு சத்தம் வந்தது, பெரிய பானை ஒன்று அடுப்பில் நகர்வதுபோல. பிறகு ஆவி ஒரே மூச்சாக எழும்பி மண்டபத்துக் கூரையைத் தொட்டது. ஃப்ராவ் எக்லி மணியை இழுத்தார். கீழே ஆண்கள் கூடத்திலிருந்தும் பெண்கள் கூடத்திலிருந்தும் விருந்தினர்கள் சிவந்த உடம்போடு வெளியே வந்து பனியில் உருண்டார்கள். ஃப்ராவ் எக்லி பதறாமல் நடந்துபோய்க் குளிர்நீர் மதகைத் திறந்தார். அதுவும் சூடாகவே வந்தது.

"அப்ப வாயைத் திறந்து சொல்லுங்கோவன்" என்றாள் யோகமலர் கணவனின் காதுக்கு. "ஒரு வசனம். எடுத்துச் சொன்னால் அந்த மனுசன் இப்பவே காலில விழும்."

"எடுத்துக் குடுக்கிறதெண்டால் நான் அண்டைக்கே கனடாவுக்கு ஒரு போன் எடுத்திருப்பன்."

"கண்டறியாத பிடிவாதம். கொதிச்சே சாகுங்கோ."

"குலவீரசிங்கம்," என்றார் தில்லையம்பலம், "தேத்தண்ணி ஆறப்போகுது. குடியும்."

"மறுமொழியைச் சொல்லடா முதல். மன்னிச்சிட்டியோ?"

"சப்பாத்துக்கோ? ஓம். சப்பாத்துக்கு மன்னிச்சாச்சு."

குலவீரசிங்கம் அவரைக் கட்டிப்பிடித்து, தோளை நனைத்து, முதுகில் தட்டினார். தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினார். தில்லையம்பலம் முறைப்படி வலது கையால் வெற்றிலையைத் தொட்டுக் காட்டை எடுத்துக்கொண்டார். பொன் எழுத்து ஆவியில் மெல்ல இளகியது.

"எல்லாம் தீர்ந்துது மச்சான்" என்றார் குலவீரசிங்கம். "நெஞ்சு பஞ்சு மாதிரிக் கிடக்கு." மலை ரயிலுக்குக் காத்திராமல், கைத்தடி இல்லாமல், படிகளில் ஓடியே இறங்கினார். மாட்டு மணியைக் கனடாவுக்குக் கொண்டுபோனார்.

அந்தப் பனிக்காலத்தைப் போல ஒன்றை ஊர் பார்த்ததில்லை. பச்சைத் தண்ணீருக்காக மேல் ஓடையிலிருந்து தனிக் குழாய் இழுத்தார்கள். பேக்கரிக்காரர் தெருக் குழாயில் முட்டை அவித்தார். தேவாலயத்துக் கூரையில் பனி நிற்கவில்லை. அங்கே புல் முளைத்து, அதை மேய ஒரு ஆட்டை ஏற்றிவிட்டார்கள். ரயில் நிலையத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த பக்கத்து ஊர், மிஞ்சுகிற தண்ணீரைக் கேட்டு ஆள் அனுப்பியது. ஸ்ரேசன் மாஸ்டரை மதித்து நகரசபை மறுத்துவிட்டது. கல் தச்சர் வந்து தில்லையம்பலத்தின் காலை அளந்துகொண்டு போனார். அளக்கும்போது, இடது பெருவிரலைக் கொஞ்சம் பெரிதாகச் செதுக்கும்படி தில்லையம்பலம் சொன்னார். அது அப்படித்தான் இருந்தது.

கலியாணத்துக்கு யோகமலர் தனியே போய் வந்தாள். பெரிய திரையில் போட்டார்களா என்று அவர் கேட்டார். போட்டார்கள் என்றாள். கைதட்டினார்களா என்றார். எழும்பி நின்று தட்டினார்கள் என்றாள். அன்று மூன்றாவது கூடத்துக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள்.

அடுத்த வாரம் ஒரு காலை. தில்லையம்பலம் உடற்பயிற்சி மண்டபத்தின் றப்பர் மணத்தில் தொடங்கி, ஐயரின் இருமலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, ஃப்ராவ் எக்லி வாசலில் வந்து தொண்டையைச் செருமினார்.

"ஹெர் தில்லை, மன்னிக்க வேண்டும். எதிர்ப் பக்கத்து மலைக்குக் குளிர்கிறதாம். காலை நீட்டியிருக்கிறது. உங்களுக்கு இடைஞ்சலா?"

தில்லையம்பலம் திரும்பிப் பார்த்தார். தொட்டியின் மறு ஓரத்தில் மலையின் கால் தண்ணீருக்குள் இருந்தது. அதன்மேல் கொஞ்சம் ஊசியிலை மரங்களும், நடந்து களைத்தவர்கள் உட்காருகிற ஒரு மர வாங்கும் இருந்தன. வாங்கில் ஒரு கிழவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"கழுவிவிட்டு வைத்ததா?"

"ஆற்றில் கழுவிவிட்டுத்தான் வந்தது. நான் பார்த்தேன்."

தில்லையம்பலம் கதிரையைச் சற்றுப் பின்னால் தள்ளி, தன் காலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். கனடாவிலிருந்து வரவேண்டிய ஒரு சொல் அப்போதும் வரவேண்டியபடியே இருந்தது. மலை மெதுவாக மற்றக் காலையும் தூக்கி வைத்தது.